சஹன் சோறும் சிரிப்பு மேடையும்

பந்தி பரிமாறுகிறவனுக்கு ரெண்டு கண் போதும். சாப்பாட்டோடு ஷோவும் நடத்துகிறவனுக்கு முதுகிலும் ஒரு கண் வேணும். மண்டபத்தில் வேலை பார்த்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் விளங்கும். கட்டார் ஹோட்டலில் வேலை செய்தபோது பார்த்ததைச் சொல்லிச் சொல்லி, எங்கள் ஊர் சாய்ந்தமருதில் மண்டபம் வைத்திருக்கும் ஹாஜியாரைச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். பாட்டு, பகிடி, நடுவில் சாப்பாடு. முதல் நாளே சனம் பாதியில் எழும்பினால் ஷோவும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை என்றார். வேலை போனால் திரும்பவும் கட்டார்தான். சின்ன மகள் என்னிடம் வரப் பழகியதே போன மாசம். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

முதுகுப் பிரச்சினை

நம்மூர் வழக்கப்படி பாய் விரித்து, ஒரே பெரிய சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட ஆறு பேராக வட்டமாக இருத்தினேன். பிறகுதான் பார்த்தேன், ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று பேர் மேடைக்கு முதுகு! பகிடிக்காரர் நவாஸ் காக்கா தொண்டை கிழியக் கத்துகிறார். மூன்று பேர் சிரிக்கிறார்கள், மூன்று பேர் சோறு பிசைகிறார்கள். கொஞ்சம் திரும்பி இருக்கலாமே என்று ஒருவரிடம் பணிவாகக் கேட்டேன்.

"திரும்பினா என்ட பங்குக் கோழி போயிரும் தம்பி. அவரை இந்தப் பக்கம் வந்து சொல்லச் சொல்லுங்க."

இறங்கினவர் ஏறவில்லை

நல்ல யோசனைதான் என்று நவாஸ் காக்காவை மைக்கோடு கீழே இறக்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேணும். சஹனைக் கடந்து போகிறவரை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஒரு வாய் வைங்க என்று கையைப் பிடித்தார்கள். மூன்றாவது சஹனில் மைக்கை மடியில் வைத்துவிட்டு மனிதர் உட்கார்ந்தேவிட்டார். வாசலில் ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மேடைக்கு ஏறுங்கள் என்று நவாஸ் காக்காவின் காதுக்குள் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"சோத்துக்குக் கூப்பிட்ட ஆக்கள்ர முகத்தை முறிக்கச் சொல்றீங்களா தம்பி?"

வட்டிலப்பம்

சோறு முடிந்தது, ஷோ பாதி கிடக்கிறது. பந்தியின் கடைசி இனிப்பான வட்டிலப்பம் வாயில் பட்டால் நம் சனம் கை கழுவி, செருப்பைத் தேடும். குசினிக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! அவர்களைத் திருப்பி விரட்டி, எல்லாவற்றையும் பிரிட்ஜில் வைத்துப் பூட்டினேன். இன்னும் இறுகவில்லை என்று சபைக்குச் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், பச்சைப் பொய்.

வெறும் சஹனை எவ்வளவு நேரம் பார்ப்பது? ஒவ்வொருவராக மேடைப் பக்கம் திரும்பினார்கள். நவாஸ் காக்காவும் மேலே ஏறினார். கடைசிப் பகிடிக்கு மண்டபமே குலுங்கியது. அதன் பிறகுதான் பூட்டைத் திறந்தேன். நாளைக்கும் வை என்று ஹாஜியார் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒரு புடவைக்கடை முதலாளி வாயைத் துடைத்தபடி வந்தார்.

"ஷோவும் பரவாயில்ல தம்பி. வட்டிலப்பத்துக்கு இருந்த நேரத்தில பாத்தம்."

ஷோ இன்னும் நடக்கிறது, நானும் ஊரோடு இருக்கிறேன், பிரிட்ஜ் சாவியை மட்டும் ஒருவரிடமும் கொடுப்பதில்லை.