பேரிகை ஏரியில் இறங்கிய விமானமும் ஜமீர் பாயும்

ஓசூர் பஸ் ஷெட்டில் ஜமீர் அகமதுவிடம் வண்டியை விடுகிறவன் முதலில் வசவு வாங்கிக்கொள்வான், பிறகுதான் வண்டி ரிப்பேராகும். டிரைவர் என்றும் பார்க்கமாட்டார், முதலாளி என்றும் பார்க்கமாட்டார். சண்டைக் காலத்தில் பெங்களூரில் பட்டாளத்து லாரிகளைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கை. வாயும் அங்கே பழகியதுதான். ஆனால் கிருஷ்ணகிரி ரோட்டில் பஸ் ஓட்டிய எந்த டிரைவரும் அவர் பூட்டிய வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறியதில்லை. பேசாமல் ஏறி உட்கார்ந்து கிளப்பினார்கள். ஒரு மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மரியாதை அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்று வேண்டியதும் இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் வைகாசியில் ஒருநாள் காலை அவர் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது, பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது.

“ஜமீர் பாய்ங்கறது நீங்களா?”

“பெட்ரோல் டேங்க் ஒழுகுதா, பிரேக் புடிக்கலியா? அத மொதல்ல சொல்லு.”

“டேங்க் கேஜு பாய். வண்டி இல்ல, ஏரோப்ளேன்.”

ஜமீர் வெளியே ஊர்ந்து வந்து ஆளைப் பார்த்தார். பெயர் சென்னகிருஷ்ணன். பெங்களூரில் சின்ன விமானம் ஓட்டுகிறவன். சேலத்திலிருந்து திரும்பும் வழியில், பேரிகைக்கு மேலே வந்தபோது, பெட்ரோல் காட்டுகிற கம்பி திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. பெட்ரோல் நிஜமாகவே தீர்ந்ததா, கம்பி பொய் சொல்கிறதா என்று ஆகாயத்தில் நின்று யோசிக்க முடியாது. கீழே வறண்டு கிடந்த ஏரியில் இறக்கிவிட்டான். பிறகு பஸ் பிடித்து ஓசூர் வந்து மேலதிகாரிக்கு டெலிபோன் போட்டால், “கம்பி சரியாகிற வரைக்கும் தரையை விட்டு எழும்பக் கூடாது. நாளை மறுநாள் ஆள் அனுப்புகிறேன்” என்று பதில் வந்தது.

“நாள மறுநாள் வரைக்கும் ஏரி காஞ்சா கெடக்கும்?” என்று கேட்டான் சென்னகிருஷ்ணன். மேற்கே மேகம் அப்போதே கறுத்துக்கொண்டிருந்தது. அந்த விமானத்துக்கு இறக்கையெல்லாம் துணி. ஏரியில் தண்ணீர் ஏறினால் அதோடு முடிந்தது. போன வருஷம்தான் ஒரு விமானத்தின் சக்கரத்தை உடைத்திருந்தான். இன்னொன்றைச் சேற்றில் விட்டுவிட்டு வந்தால் இனி யாரும் அவனை விமானத்துக்குப் பக்கத்திலேயே சேர்க்கமாட்டார்கள்.

“கம்பிக்கு அடியில என்னா இருக்குது?”

“கார்க்கு. பெட்ரோல்ல மெதக்கும்.”

ஜமீர் வேறு எதுவும் கேட்கவில்லை. குப்பையில் கிடந்த பழைய கார்பரேட்டர்களைக் கிளறி, உள்ளே மிதக்கிற பித்தளைக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பற்றவைக்கிற ஈயம், இரும்பு, அரம், ஒரு கேலன் டின், எல்லாம் பேரிகை பஸ்ஸில் ஏறியது.

ஏரியில் முனிவேல் காவல் நின்றிருந்தார். கரையோரத்து நிலம் அவருடையது. வந்த கூட்டத்தைத் தார்க்குச்சியைக் காட்டித் தள்ளி வைத்திருந்தார்.

“ஒருத்தனயும் தொட வுடலிங்க. ஒரு ஆடு மட்டும் ரெக்கய நக்கிடுச்சு” என்றார்.

விமானத்தின் மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. வால் தரையில் கிடந்தது. ஓட்டுகிற கண்ணாடிக்கு முன்னால் டேங்க் மூடி. அதன் நடுவிலுள்ள ஓட்டை வழியாக ஒரு கம்பி. உள்ளே கார்க்கு மிதந்தால் கம்பி மேலே நிற்கும், பெட்ரோல் குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான் யந்திரம்.

லாரிக்காரர்கள் பார்க்கிறபடியே ஜமீர் முதலில் குச்சி விட்டுப் பார்த்தார். குச்சி பாதிக்குமேல் நனைந்து வந்தது. பெட்ரோல் இருக்கிறது, ஒழுக்கு இல்லை. பிறகு கம்பியைக் கையால் தூக்கி விட்டார். சிக்காமல் மேலே வந்து, சிக்காமல் கீழே போனது. ஆக, கம்பியிலும் குற்றமில்லை. மூடியோடு வெளியே இழுத்தார். கார்க்கு கறுத்துப் போயிருந்தது. மேலே பூசிய அரக்கு செதில் செதிலாக உரிந்திருந்தது. கத்தியால் இரண்டாக அறுத்தார். நடு வரைக்கும் ஈரம்.

“பெட்ரோல் குடிச்சுக்குடிச்சு முழுகிட்டான் பரதேசி” என்றார்.

முதல் பித்தளைக் குண்டு டேங்க் வாயில் நுழையவில்லை. இரண்டாவதை முனிவேல் வீட்டு அடுப்பில் கொதித்த தண்ணீரில் அமுக்கினார். பக்கத்தில் குமிழி வந்தது, ஓட்டை. மூன்றாவது நன்றாக இருந்தது. அதை விமானத்துக்குக் காத தூரம் தள்ளி உட்கார்ந்து கம்பியோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தார். டேங்கை வடித்துவிட்டு, கேலன் டின்னால் ஊற்றி, ஒவ்வொரு கேலனுக்கும் கம்பியில் அரத்தால் ஒரு கோடு இழுத்தார். கோடுகள் அச்சடித்தாற்போல் விழுந்தன. மேகம் பாதி வானத்தைப் பிடித்துவிட்டது.

“போதும் பாய், திருப்பிடலாம்” என்றான் சென்னகிருஷ்ணன். நாலு பேர் வாலைத் தூக்கி விமானத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினார்கள். கம்பியையே பார்த்துக்கொண்டிருந்த ஜமீர், “நில்லு! அப்பிடியே நில்லுங்கடா!” என்று கத்தினார்.

வால் மேலே போனதும் கம்பி ஒரு விரல் அளவுக்கு உயர்ந்திருந்தது.

லாரி நிற்கிறபோதும் ஓடுகிறபோதும் ஒரே மட்டம். ஆயுள் முழுக்க லாரி பார்த்தவருக்கு, இந்த வண்டி தரையில் ஒரு மாதிரியும் ஆகாயத்தில் வேறு மாதிரியும் நிற்கும் என்று தோன்றவில்லை. அதை ஓட்டுகிறவனுக்கும் தோன்றவில்லை.

“நான் தரையில கம்பியப் பாத்ததே இல்ல பாய்” என்று சென்னகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். “போவட்டும். பெங்களூரு பக்கந்தான. டேங்குல எவ்ளோ இருக்குதுன்னு நமக்குத் தெரியும். ஒரு விரல்தான?”

“ஒரு விரல் கம்மியாக் காட்டினாலும் பரவால்ல. இது இருக்குதுன்னு பொய் சொல்லுது. நீ இன்னிக்கி போயிடுவ. நாளைக்கி எவனாச்சும் இத நம்பி ஏறுவான் பாரு, அவனுக்கு என்னா பதில் சொல்றது?”

“மழை வருதுங்க பாய்!” என்றார் முனிவேல்.

“வரட்டும். உன் கட்டை வண்டியக் கொண்டா.”

வாலைத் தூக்கிக் கட்டை வண்டியில் வைத்துக் கயிறு போட்டார்கள். விமானம் ஆகாயத்தில் போகிற வாக்கில் நின்றது. ஜமீர் தன் கையால் போட்ட அத்தனை கோட்டையும் தன் அரத்தாலேயே தேய்த்து அழித்தார். டேங்கை மறுபடி வடித்தார், மறுபடி கேலன் கேலனாக ஊற்றினார். புதுக் கோடு போட்டார். கை அவசரப்படவில்லை. வாய் மட்டும் யாரையோ திட்டிக்கொண்டே இருந்தது. யாரை என்று கேட்டால் தன்னைத்தான். சென்னகிருஷ்ணனும் மேல்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாரவண்டி இழுக்கிறவன் மாதிரி டின் தூக்கினான். கடைசிக் கோடு விழுந்தபோது முதல் தூறலும் விழுந்தது.

சக்கரத்துக்குக் கல் வைத்து, சென்னகிருஷ்ணன் விசிறியைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். திரும்பிப் பார்த்தால் ஜமீர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு.

“பாய், எறங்குங்க! உங்களுக்கெதுக்கு இது?”

“எங்க ஷெட்டுல பிரேக் பூட்டினவன்தான் மொத டிரிப்புல டிரைவர் பக்கத்துல உக்காந்து சூளகிரி எறக்கம் எறங்கணும். நான் வச்ச சட்டம். ஏறுடா சீக்கிரம், மழைக்கி முன்ன!”

முனிவேல் கல்லை இழுத்தார். விமானம் ஏரி மண்ணில் குதித்துக் குதித்து ஓடி, கரைக்கு முன்னால் எழும்பிவிட்டது. பின்னால் மழை ஏரியை மூடியது.

பெங்களூரில் இறங்கியதும் முதல் வேலையாக வாலைத் தூக்கி நிறுத்தச் சொல்லிக் குச்சி விட்டுப் பார்த்தார் ஜமீர். கம்பி சொன்னதையே குச்சியும் சொன்னது. மேலதிகாரி கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது இப்படியே இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

கடைசி பஸ்ஸில் வீடு வந்தவரை மனைவி வஜிஹா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். சங்கதி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“ஏங்க, சொல்லாம கொள்ளாம ஆகாயத்துல போனீங்களாமே! சரி, மேலேர்ந்து நம்ம ஊரு எப்பிடி இருந்துச்சு?”

“எவனுக்குத் தெரியும்? கம்பியத்தான் பாத்துகினு இருந்தன்.”

“ஒரு தரம்கூட எட்டிப் பாக்கலியா?”

“எட்டிப் பாத்தா கம்பிய யாரு பாக்கறது, உங்கொப்பனா?”

வஜிஹா சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜமீர் பெட்ரோல் நாறும் கையைக் கழுவப் பின்கட்டுக்குப் போனார்.