உச்சிக்கடைக்காரியின் தட்டு

என் கொழுந்தியாளுக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். பட்டறைக்கு முதல் வெல்டிங் மெஷின் வாங்க அவள் கொடுத்த பணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என்னிடம் பதினொரு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். எல்லாம் அந்த ஒரு மெஷினில் தொடங்கியது.

அவள் மலை உச்சியில் டீக்கடை வைத்திருக்கிறாள். புருஷன் போன பிறகு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. பால், சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு விடியுமுன் ஏறிவிடுவாள். மலையேற வருகிறவர்களுக்கு அவள் உச்சிக்கடைக்காரி. அந்தக் கடையின் இரும்புச் சட்டம் என் கைவேலை. ஆனால் மேலே போய் அதை நான் பார்த்ததே இல்லை.

"மாமா, நீங்க அடிச்ச வெல்டிங் நிக்குதா, புட்டுக்கிச்சான்னு ஒரு தடவ வந்துதான் பாருங்களேன்."

"மலை சரிஞ்சாலும் அது நிக்கும் போ."

கடைக் குத்தகையைப் புதுப்பிக்க அதிகாரி மேலே வரும் நாள் வந்தது. நான் தரவேண்டிய பணத்தை வைத்து மதியத்துக்குள் கட்டாவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு வரவேண்டிய காசு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அடுத்தவர் கையில் பணம் கொடுத்தனுப்புகிற ஆள் நானில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பனியனுக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன். ரொம்பக் கஷ்டமான ஏற்றம் இல்லை, போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றார்கள்.

வழியில் இருக்கும் ஏரி வரைக்கும் ராஜா மாதிரி நடந்தேன். கரையோரப் பாதையில் பாதி தூரம் போனதும் மூடுபனி இறங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. நாற்பதடி சாரத்தில் நின்று வெல்டிங் அடித்தவன் நான். அங்கே கால் வைக்கும் இடமாவது தெரியும். இங்கே அடுத்த அடி பாதையா, ஏரியா? எனக்கு நீச்சல் தெரியாது. காலடியில் ஒரு கல் நழுவியது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. உட்கார்ந்தேன். பிறகு தவழ்ந்தேன்.

மேலேயிருந்து டண், டண் என்று சத்தம் வந்தது. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்கிறாள். மூடுபனி இறங்கினால், பாதையில் யாராவது மாட்டியிருப்பார்களோ என்று அவள் அப்படி அடிப்பதாக என் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். அந்தச் சத்தத்தைக் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். ஏரி முடிந்து செங்குத்துப் பாறை தொடங்கியது. அங்கே என் கை பட்டு இன்னொரு கல் உருண்டது. மேலே சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பனியனுக்குள் இருக்கும் பணமும் என்னோடு சேர்ந்து அடியில் போய்விடும் என்றுதான் தோன்றியது. அவள் கடை போச்சு.

மறுபடி டண் என்று கேட்டது. இந்தத் தடவை தலைக்கு மேலேயே.

"யாரு அங்க?"

"நான்தான்."

"மாமாவா! என்ன, நாலு கால்ல வர்றீங்க?"

"பாதை எப்படி இருக்குன்னு தொட்டுப் பாத்தேன்."

"பாத்தது போதும், கையக் குடுங்க. இடது பக்கம் சாயாதீங்க, அங்க ஒண்ணுமே இல்ல."

அந்த 'ஒண்ணுமே இல்ல' இன்னும் என் முதுகில் ஊர்கிறது.

"அதிகாரிய விட்டுட்டு ஏன் எறங்கி வந்த?"

"கல்லு உருண்டது கேட்டுச்சு. கெளம்புறேன்னு நின்னாரு. நில்லுங்க, போங்க, உங்க இஷ்டம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மீதி ஏற்றம் முழுக்க அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. உச்சியில் அதிகாரி பையைத் தோளில் மாட்டி நின்றிருந்தார். என் சட்டம் காற்றில் அசையாமல் நின்றது. அதை நான் நின்று பார்க்கவில்லை. கவரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

"உக்காந்து எண்ணுங்க மாமா. கீழ பாக்காதீங்க, என் கையப் பாருங்க."

கரண்டி பிடித்துக் கன்றிச் சிவந்த உள்ளங்கையை விரித்து நீட்டினாள். இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது. மூன்றாவது தடவை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு நோட்டாக, எண்பதாவது நோட்டு வரைக்கும் அந்தக் கையில் வைத்தேன்.