பெண் கேட்டு வந்த இரண்டு கப்பல்கள்

எங்கள் குடும்பத்தில் யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. எங்கள் ஊர் நாசரேத்துக்கு மிஷன் பள்ளிக்கூடம் வந்த காலத்திலேயே அந்த இருட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று என் அண்ணன் எல்லாரிடமும் சொல்வார். அதே அண்ணன்தான் தன் மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளை, அவர்கள் வேலை பார்க்கும் கப்பல் எவ்வளவு புகை விடுகிறது என்று பார்த்துப் பொருத்தம் சொன்னார். அந்தக் கூத்துக்கு ஜோசியனாக என்னை உட்கார வைத்தார்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ரசாயனக் கப்பல் வந்தால் எந்தத் தொட்டியில் எவ்வளவு அமிலம், எவ்வளவு பாமாயில் இருக்கிறது என்று அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. எண்ணுவது தொழிலாக இருந்து வியாதியாகிவிட்டது. கல்யாண வீட்டில் நாற்காலிகளை எண்ணுவேன். ஆராதனையில் தூங்கி விழும் தலைகளை எண்ணுவேன். என் மனைவி இருந்தவரை விருந்தாளிகள் முன்னால் என் பக்கம் முறுக்குத் தட்டு வராமல் பார்த்துக்கொள்வாள்.

அண்ணன் மகள் கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறவள். முப்பது தாண்டியிருந்தாள். சபை ஊழியம் பார்த்து ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் ஒரே வாரத்தில் இரண்டு வரன்கள் கொண்டுவந்தார். இருவருமே ரசாயனக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர்கள். சம்பளம், சபை, குடும்பம் எல்லாம் ஏறக்குறைய சமம். அத்தோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் அண்ணனுக்கு செல்போனில் யாரோ ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள். இப்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோலக் கப்பலுக்கும் அது விடும் புகையைப் பார்த்து வருஷா வருஷம் ஏ முதல் இ வரை இங்கிலீஷ் எழுத்துப் போடுகிறார்கள், இ வாங்கிய கப்பலை உடைக்க அனுப்பிவிடுவார்கள் என்று. அண்ணன் விசாரித்தார். ஒரு மாப்பிள்ளையின் கப்பல் ஏ. மற்றவனுடையது இ.

"ஏலே, நீ இந்தக் கப்பல்லலாம் ஏறி எறங்குனவன்லா. பாத்துச் சொல்லு" என்றார்.

அண்ணன் மகள் அதற்குள் இ கப்பல்காரனிடம் பேசியிருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். "ஒளறாத மனுஷன், சித்தப்பா. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுதாரு." அவள் ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அது ஒரே முறைதான்.

பழைய சினேகத்தில் ஏஜென்ட் ஆபீசில் கேட்டு இரண்டு கப்பலின் ஓட்டக் கணக்கையும் வாங்கினேன். உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எழுத்துப் போடும் முறை இதுதான்: எரித்த எண்ணெயிலிருந்து வரும் கரிப்புகையை, கப்பல் சுமக்கக்கூடிய எடையாலும் ஓடிய தூரத்தாலும் வகுக்கிறார்கள். சுமக்கக்கூடிய எடை, சுமந்த எடை அல்ல. ஏ கப்பல் பாதி ஓட்டம் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. காலியாகப் போனாலும் தூரம் தூரம்தானே, நல்ல எழுத்து விழுந்துவிட்டது. இ கப்பல் வரும்போது அமிலம், போகும்போது வேறு சரக்கு என்று இரண்டு பக்கமும் நிறைந்து ஓடியது. ஆனால் போகிற துறைமுகத்தில் எல்லாம் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. கிடக்கும்போதும் ஜெனரேட்டர் ஓடும், எண்ணெய் எரியும். தூரம் மட்டும் ஏறாது. பாமாயில் உறையாமல் சூடு காட்ட எரிக்கிற எண்ணெய்க்குக் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. காத்துக்கிடப்பதற்குக் கிடையாது.

நிஜமாகச் சுமந்த சரக்கை வைத்து வகுத்தால், டன்னுக்கு டன், மைலுக்கு மைல், இ கப்பல்தான் குறைவாக எரித்திருந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"திருச்செந்தூர் பஸ்ஸ நெனச்சிக்கிடுங்கண்ணே. ஒரு பஸ்ஸு காலியாப் போயிட்டு வருது. இன்னொண்ணு நெறைய ஆளோட ரயில்வே கேட்டுல நிக்குது. எது உருப்படியான பஸ்ஸு?"

அண்ணன் யோசித்தார். "காலி பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்கும்லா" என்றார்.

உபதேசியார் முன்பே சொல்லிவைத்திருந்தபடி அடுத்த ஞாயிறு இ கப்பல்காரன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தான். அவன் விடுமுறையில் இருந்தான். கப்பல் அண்ணனின் தூத்துக்குடி வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் நங்கூரத்தில் கிடந்தது. அதுவே அண்ணனுக்கு அபசகுனமாகப் பட்டிருக்க வேண்டும். சகுனம் பார்க்கமாட்டோம் என்றும் சொல்வார். தட்டில் பதினொரு அதிரசம் இருந்தது. யாரும் தொடவில்லை.

"தம்பி, ஒங்க கப்பலு ஏன் இப்பிடி மார்க் வாங்கிருக்கு?" என்றார் அண்ணன்.

"நிக்கிறதுனால மாமா. நங்கூரத்தத் தூக்கிட்டு வெளிக்கடல்ல சும்மா சுத்தி வந்தா மைல் ஏறும், எழுத்தும் ஏறும். சில கப்பலு சுத்தத்தான் செய்யுது."

"நீங்களும் சுத்த வேண்டியதான?"

"எங்க கேப்டன் மாட்டேம்பாரு. கரியக் கொறைக்கணும்னு எண்ணெய எரிக்கதுக்கு எனக்கும் மனசு வராது."

உள் அறைக் கதவருகே அண்ணன் மகள் சிரித்ததை நான் கேட்டேன். அண்ணனும் கேட்டார்.

அவர்கள் போனபின் அண்ணன் சொன்னார்: "மார்க் வாங்குத வழி தெரிஞ்சும் வாங்க மாட்டேங்கான். இவன் எப்பிடிலே குடும்பம் நடத்துவான்?" நான் மறுபடியும் என் கணக்கை எடுத்தேன். "ஒன் கணக்க மடிச்சி வையி. 'ஏ'ன்னா 'ஏ'தான். 'இ'ன்னா 'இ'தான்."

உபதேசியார் மூலம் இ கப்பல்காரன் வீட்டுக்கு வேண்டாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். அண்ணன் மகள் ஒருநாள் சாப்பிடாமல் இருந்தாள். மறுநாள் கல்லூரிக்குப் போனாள். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஏ கப்பல்காரன் வீட்டுக்கு ஆள் அனுப்பினார் அண்ணன். உபதேசியார் திரும்பி வந்து தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணுக்கு வயசு கூடிப்போச்சிங்காவ. படிப்பு, வேல எல்லாம் சரிதானாம். இத்தன நாளு ஏன் நிக்கிதுன்னு கேக்காவ."

அண்ணன் அவருக்குக் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினார். நான் அன்று அண்ணனைப் பார்த்த பார்வையை அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியாது. புரிந்துகொள்கிற ஆள் இல்லை.

இதற்குப் பிறகு அந்த இ கப்பலின் முதலாளி மாறினார். புதிய முதலாளி விவரமானவர். கப்பல் மறுபடி தூத்துக்குடிக்கு வந்தபோது நங்கூரம் போடவில்லை. அந்தக் காலத்தில் முத்துக்குளித்த கடலடிப் பாறைத் திட்டுகளுக்கெல்லாம் வெளியே, ஆழக்கடலில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. செல்போன் வரைபடத்தில் அது போன தடம் நூல்கண்டு போலத் தெரிந்தது. புன்னைக்காயலில் மீன் பிடிக்கும் போட்டுக்காரர்கள், "என்னத்தத் தொலச்சிட்டுத் தேடுதான்?" என்று கேட்டதாக உபதேசியார் சொன்னார். போகிற இடமெல்லாம் அப்படியே சுற்றியது. மறு வருஷம் அதற்கு சி விழுந்தது. முன்னைவிட எண்ணெய் கூடுதலாக எரித்து, முன்னைவிடச் சரக்குக் குறைவாக ஏற்றி, இரண்டு எழுத்து மேலே ஏறிவிட்டது.

அண்ணன் என்னை வரச்சொன்னார். உபதேசியாரும் இருந்தார்.

"சி ஆயிட்டாம்லா. இனி ஒடைக்க மாட்டான். அந்தத் தம்பி வீட்டுல இன்னொரு தடவ கேட்டாத்தான் என்ன?"

உபதேசியார் சுவரைப் பார்த்தார். "அந்தத் தம்பி கப்பலு கைமாறுனப்பமே எறங்கிட்டாரு அண்ணாச்சி. இப்பம் வேற கம்பெனி. சாத்தாங்குளத்துப் பொண்ணக் கட்டி, போன மாசம் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் ஆயிட்டு."

"ஒரு வார்த்த சொல்லப்பிடாதா" என்று அண்ணன் அவர்மேல் பாய்ந்தார்.

நான் எழுந்து உள்ளே போனேன். அண்ணன் மகள் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்; மெல்லிய சுவர்.

"சித்தப்பா, அந்தக் கப்பலு இ வாங்குனப்பம் நல்லா ஓடிச்சா, இப்பம் நல்லா ஓடுதா?"

"அப்பந்தான்."

"அப்பாட்ட சொன்னியளா?"

"அப்பமே சொன்னேன்."

அவள் தலையசைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். நான் எதிரே உட்கார்ந்தேன். திருத்தாத தாள்கள் கட்டாக நிறைய இருந்தன. கட்டின் விளிம்பில் விரலை வைத்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும்.

"எண்ணாதிய, சித்தப்பா" என்றாள், நிமிராமல்.