கீறக்கூடாத தோல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மை குத்துவது என் வேலை. என்னை ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். வழியில் வேலங்கிளை நீட்டிக்கொண்டிருந்தால், இறங்கிக் குச்சியால் அதை ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியை ஓட்டுவார். பயந்த மனிதர் என்று நினைத்தேன்.

ஓர் ஊரில் அம்மை கண்டிருந்தது. யாரும் கையை நீட்டவில்லை.

"முதல்ல நீங்க குத்திக்குங்க. உங்களப் பாத்து மத்தவங்க வருவாங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.

அவர் தயங்கிச் சட்டையைக் கழற்றினார். முழங்கையிலும் முதுகிலும் சிவந்து தடித்த திட்டுகள். மேலே வெள்ளைச் செதில்.

"இதுக்கு மருந்துன்னு முதுவுல மூணு கோடு சூடு வெச்சாங்கய்யா. புண்ணு ஆறி, அந்தக் கோட்டு மேலயே இது வந்துருச்சுங்க. எங்க காயம் பட்டாலும் அங்க வந்துருதுங்க. எனக்கு வேண்டாங்க."

"சூடு வேற, சர்க்கார் மருந்து வேற" என்று அதட்டி, கையைப் பிடித்துக் கீறி அம்மைப்பாலைத் தடவினேன். அதைப் பார்த்து ஊரே குத்திக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். நான் கீறிய இடங்களெல்லாம் சிவந்து, செதில் மூடியிருந்தன.

"இனி அம்மை வராதுங்களே?"

"வராதுங்க."

"அது போதுங்க. என்னாட்டம் இன்னொருத்தன் சொன்னா மட்டும், கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

அன்று வழியில் வேலங்கிளை குறுக்கிட்டபோது அவருக்கு முன்னால் நான் இறங்கினேன். ஒதுக்கும்போது முள் என் கையைக் கீறியது. அந்தக் கீறல் இரண்டே நாளில் ஆறிப்போனது.