பல்கனியில் பூட்டிய அன்ரெனா

எங்கள் வீட்டில் என் தீர்ப்புக்கு முழுமையாக விடப்பட்ட முதற் பொருள் ஒரு சீபீ றேடியோ. அதற்குப் பின் வேறெதுவும் அப்படி விடப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் பதினான்காம் மாடியில் குடியிருந்தோம். அப்பா ஒரு வான் வண்டியில் கார் உதிரிப்பாகங்களை ஏற்றிச் சென்று பிக்கரிங், ஒஷாவாப் பக்கத்துக் கராஜ்களில் இறக்கிவிட்டு வருவார். தை மாதப் பனிப்புயலொன்றில் வான் நெடுஞ்சாலையோரம் நின்றுவிட்டது. அவர் வந்து சேரும்வரை அம்மா யன்னலை விட்டு அசையவில்லை. கைத்தொலைபேசி அந்நாளில் எங்களைப் போன்றோருக்கு எட்டாத பொருள். லொறிச் சாரதிகள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சீபீ றேடியோவை வானில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பூட்டலாம் என்று யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"உதுக்கு இங்கிலிசிலை வாசிக்கிறதுகள் கனக்க இருக்கும். நீயே பாத்து எடு, பிள்ளை," என்றார் அப்பா.

நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன்; இறுதி ஆண்டு. மேற்படிப்புக்கு மொன்றியலில் இடம் கிடைத்திருந்தது. அதை ஏற்கிறேனா இல்லையா என்று சித்திரை முடிவதற்குள் அறிவிக்கவேண்டும். வீட்டில் சொன்னபோது அப்பா "பாப்பம்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்து காட்டினால் மற்றதிலும் என்னை நம்புவார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கிருந்தது. றேடியோவை ஒரு பரீட்சையைப் போல எடுத்துக்கொண்டேன்.

நூலகத்தில் இரண்டு புத்தகங்களை வாசித்து முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். தம்பிக்கா, கணவருக்கா என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் விசாரித்தார். எனக்கு என்று சொன்னதும் அவருடைய விளக்கம் சுருங்கிவிட்டது. அது பரவாயில்லை, வேண்டியதை நான் ஏற்கனவே அறிந்திருந்தேன். எல்லா றேடியோச் செற்றிலும் அலைவரிசைகள் ஒன்றே, சட்டம் அனுமதிக்கும் வலுவும் ஒன்றே. குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோவது செற்றின் அழகல்ல, அன்ரெனாவின் நீளமும் அது நிற்கும் உயரமும். ஆகவே மிகச் சாதாரணமான இரண்டு செற்றுகளையும் மிக நல்ல இரண்டு அன்ரெனாக்களையும் எடுத்தேன்.

"என்ன பிள்ளை, உதிலை மினுங்கிற லைற் ஒண்டும் இல்லையே?" என்று அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மினுங்கினா தூரம் கேக்காது, அப்பா."

வானின் கூரை நடுவில் காந்த அடியில் நிற்கும் கம்பியை வைத்து, கேபிளைக் கதவு ரப்பருக்குள்ளால் உள்ளே எடுத்தேன். வீட்டுக்கானது வெள்ளை நிறத்தில் நெடிய தடி. அதைப் பல்கனிக் கம்பியில் இரும்புப் பிடிகளால் இறுக்கவேண்டியிருந்தது. காற்று கையுறையைத் துளைத்தது. அப்பா ஸ்பானரை நீட்டியபடி நின்றார், நான் சொன்னதைச் செய்தார். அவர் என் சொற்படி எதையாவது செய்து அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு இரவல் வாங்கிய மானியைப் பொருத்தி, அனுப்பும் வலுவில் எவ்வளவு அன்ரெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று அளந்தேன். தடியின் அடியிலுள்ள திருகைச் சற்றே திருப்புவதும் உள்ளே ஓடிவந்து ஊசியைப் பார்ப்பதுமாக ஒரு பிற்பகல் கழிந்தது. கடைசியில் ஊசி கீழே படுத்துவிட்டது; எதுவும் வீணாகத் திரும்பி வரவில்லை. அப்பா பிக்கரிங்கில் நின்று பேசியது பக்கத்து அறையில் பேசியதுபோல் கேட்டது. ஒஷாவாவில் மட்டும் சற்றுக் கரகரத்தது.

"அப்பா, உது ரெலிபோன் இல்லை. இந்தச் சனலிலை நிக்கிற எல்லாருக்கும் கேக்கும்," என்று முதல் நாளே எச்சரித்தேன்.

"கேக்கட்டுமேன். ஆருக்கு விளங்கப்போகுது?"

என் பெற்றோரின் பழக்கம் அது. மின்தூக்கியில் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் தொப்பியைப் பற்றி அவளுடைய முகத்துக்கு நேரே தமிழில் பேசுவார் அம்மா. கட்டடத்தில் மாடிக்கு மாடி தமிழர் குடியேறிய பின் மின்தூக்கியில் மட்டும் நாக்கைக் கட்டிக்கொண்டார். ஆனால் ஆகாயத்தில் வெள்ளைக்காரர் மாத்திரமே இருப்பதாக இருவரும் உறுதியாக நம்பினார்கள். கணவாய்மீன் கறிக்கு உப்புப் போதாததும் பெரியப்பா வீட்டுச் சண்டையும் அன்ரெனா வழியே ஒன்ராறியோ ஏரிக்கரை முழுதும் போய்க்கொண்டிருந்தன.

பங்குனியில் ஒரு நாள் விரிவுரை நடக்கவில்லை. வழக்கத்துக்கு முன்பாகவே வீடு வந்தேன். கதவடியில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது குசினியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அம்மா எனக்கு முதுகு காட்டி, மேசையில் செற்றின் முன் இருந்தார்.

"மார்க்கத்தார் கோடைக்குள்ளை கலியாணத்தை முடிக்கோணும் எண்டு நிக்கினம்," என்றது அப்பாவின் குரல். "பெடியனுக்கும் பிள்ளையின்ரை படம் பிடிச்சிட்டுதாம்." மார்க்கம் எங்களுக்கு வடக்கே உள்ள ஊர்; அங்கே எனக்கொரு சம்பந்தம் பேசப்படுவதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

அம்மா மைக்கின் பொத்தானை அழுத்தினார். "அப்ப இவளின்ரை மொன்றியல் கதை என்னப்பா?"

"இப்ப ஒண்டும் சொல்லாதையும். பதில் சொல்லுற தவணை போகட்டும். போனாப்பிறகு தன்ரைபாட்டிலை சரிவரும்."

சப்பாத்தின் நாடா என் விரல்களில் சிக்கியபடி இருந்தது. 'பாப்பம்' என்பதன் பொருள் அவ்வளவுதான். மறுக்கவேண்டிய தேவைகூட அவர்களுக்கு இருக்கவில்லை; நாட்காட்டியே மறுத்துவிடும்.

அப்போது செற்றில் மூன்றாவது குரலொன்று புகுந்தது.

"குறை நினையாதேங்கோ அண்ணை. இடையிலை பூந்திட்டன்."

அம்மா துள்ளிவிட்டார். "ஆரது?"

"நான் லொறி ஓடுறன் அக்கா. ஒஷாவாவுக்கும் ஸ்காபரோவுக்கும்தான். கன நாளா உங்கடை கதையைக் கேட்டுக்கொண்டுதான் ஓடுறது. கணவாய்க்கு உப்புக் காணாமப் போனதும் தெரியும்."

அந்த மனிதர் விடுவதாயில்லை. "மார்க்கத்திலை வீடு சொந்தமோ, வாடகையோ?"

அம்மா நிமிர்ந்தார். வெட்கப்படவேண்டிய இடத்தில் அவருக்குப் பெருமை வந்தது. "சொந்தம் தம்பி. தனி வீடு. ரெண்டு கார் கராஜ்."

"அப்ப நல்லது. பிள்ளையைக் கேட்டனீங்களோ? என்ரை தங்கச்சியைக் கேக்காமல் செய்து, கலியாண வீடியோ முழுக்க மூக்கைச் சீறிக்கொண்டிருக்கிறாள். இப்பவும் வாற ஆக்களுக்குப் போட்டுக் காட்டேலாமக் கிடக்கு. அதுதான் கேட்டனான்."

"அவவுக்கு நல்ல விருப்பம் தம்பி," என்றார் அம்மா, ஒரு கணமும் தாமதியாமல். அதே வேளை என் சப்பாத்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் திரும்பினார். பெருவிரல் இன்னும் பொத்தானின்மேல் இருந்தது. நான் அவ்வளவையும் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தது. அதை அவர் முகத்தில் கண்டேன். விரலை எடுக்காமலே எழுந்து, சுருள் வயர் இழுபட வந்து மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

"பிள்ளையே வந்திட்டா. சொல்லம்மா, தம்பி கேக்கிறார்."

அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை இங்கே பேசுவது மட்டுமே வெளியே போகும். மறுமுனையில் அப்பாவும் அந்த மனிதரும் காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. நான் அம்மாவிடம் 'ஏன் எனக்குச் சொல்லவில்லை' என்று கேட்டால் அதுவும் போகும். அழுதால் அதுவும் போகும். அறைக்குள் என்றால் மறுத்திருப்பேன். அத்தகைய ஒரு நாளுக்கென்று வாக்கியங்களைக்கூட மனதில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். முன்பின் அறியாத ஒருவர் கேட்டிருக்க, இன்னும் எத்தனை பேர் என்று தெரியாத சபையொன்றில், அம்மாவைப் பொய்யராக்கும் வாக்கியம் எதுவும் அவற்றுள் இருக்கவில்லை. அம்மா அதை நன்றாக அறிந்திருந்தார். அவர் கண்கள் கெஞ்சவில்லை.

"ஓம்," என்றேன்.

அம்மா பெருவிரலை எடுத்தார்.

"அப்ப சரி தங்கச்சி, சந்தோசமா இரும்," என்றது அந்தக் குரல். "குரல் நல்ல துப்பரவாக் கேக்குது." அப்பா "பிறகு கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அப்பா வந்ததும் முதல் வேலையாக இரண்டு செற்றையும் கழற்றும்படி சொன்னார். "உவ்வளவு தூரம் கேக்கிற மாதிரிப் பூட்டச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?" என்றார். மானம் போயிற்று என்பதே அவருடைய முறைப்பாடு. நான் மொன்றியலைப் பற்றித் தொடங்கினேன்.

"நீதானே ஓம் எண்டனி," என்றார். "நாங்கள் உன்னைக் கட்டாயப்படுத்தினனாங்களே? ஊரறியச் சொல்லிப்போட்டு இப்ப என்ன?"

அதற்குப் பின் நான் எதைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்து வைத்தார்கள். மார்க்கத்தாரிடமும் அதையே சொன்னார்கள்: பிள்ளை தன்ரை வாயாலை சொன்னவ. சாட்சிக்கு அந்த லொறிக்காரரும் இருந்தார், யாரும் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லாத நல்ல சாட்சி.

தவணை முடிவதற்கு முன்னரே மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்தேன். மௌனமாக இருந்து அதை இழப்பதைவிடச் சொல்லி இழப்பது மரியாதை என்று அன்று எண்ணினேன். மறுமுனையில் இருந்த பெண் நிச்சயம்தானா என்று கேட்டாள். அப்பா பக்கத்து நாற்காலியில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். நிச்சயம் என்றேன். காத்திருப்போர் வரிசையில் அடுத்தவர் மிகவும் மகிழ்வார் என்று அவள் அன்போடு சொன்னாள். அந்த அடுத்தவர் யார், என்ன படித்து முடித்தார் என்று அறிய எனக்கு இன்றுவரை விருப்பமில்லை.