வேப்பம்பூத் தூள் எண்ணிய மூன்று நாட்கள்

புங்குடுதீவில் எங்கள் வீட்டிலிருந்து இறுப்பிட்டியில் மனைவியின் அக்கா இருந்த வீட்டுக்கு நாலே கால் கிலோமீற்றர். ஓட்டோவில் பதினான்கு நிமிடம். வழியில் தெருவுக்குக் கிளை நீட்டிக்கொண்டு நிற்கும் வேம்புகள் ஐம்பத்திரண்டு. ஆண்பனைகளையும் எண்ணத் தொடங்கி, முந்நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். ஆட்கள் வெளிநாடு போன வளவுகளில் மரங்கள் பெருகிவிட்டன. பங்குனியில் அவையெல்லாம் ஒன்றாகப் பூக்கும். அப்போது என் மனைவிக்கு மூச்சு முட்டு வரும்.

முந்திய வருடப் பங்குனியில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஐம்பத்தைந்து நிமிடம் பிடித்தது. இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் அந்தத் தெருவில் அவளுடைய உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் காற்றைக் கண்டாலே பயம்.

கனடாவில் இருக்கும் மகள்தான் மகரந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னாள். அங்கே மழை, வெயிலோடு சேர்த்து அதையும் காலையில் அறிவிப்பார்களாம். கைபேசியில் பார்க்கும் வழியையும் காட்டித் தந்தாள். எங்கள் தீவைத் தேடினால் அது யாழ்ப்பாணத்தைக் காட்டி, “குறைவு” என்று சொல்லும். முப்பத்தொரு நாள் பார்த்து எழுதினேன். முப்பத்தொரு நாளும் குறைவு. அதில் ஒன்பது நாள் மனைவி மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்தாள்.

எங்களுக்கென்று யாரும் எண்ணப்போவதில்லை என்று விளங்கியதும் நானே எண்ணத் தொடங்கினேன். முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஏழு கண்ணாடித் தகடுகளை வெட்டுவித்து, ஞாயிறு தொடக்கம் சனி வரை, எடுக்கும் நாளுக்கு ஒன்றாகக் குறியிட்டேன். தகட்டில் வசிலின் பூசித் தெருவாசல் படலைத் தூணின் தலையில் காலையில் வைப்பேன், மறுநாள் காலையில் எடுப்பேன். மகள் அனுப்பிய சின்ன உருப்பெருக்கியைக் கைபேசியில் பொருத்தி, ஒரு சதுரத்துக்குள் மஞ்சளாய்த் தெரிகிற பொடிகளை எண்ணுவேன். இருபதுக்குள் என்றால் அவள் வெளியே போகலாம். ஐம்பது வரை விறாந்தை. அதற்கு மேல் யன்னல்களையும் சாத்த வேண்டும். சனிக்கிழமைகளில் ஏழு தகடுகளையும் கழுவுவேன்.

முதல் மாதத்தில் இரண்டு முறை என் கணக்குச் சரியாக வந்தது: எண்ணிக்கை ஏறிய நாளில் அவளுக்கு முட்டு வந்தது. சந்திக் கடைக்காரர் நான் சைக்கிளை நிறுத்தும்போதே, “மாஸ்ரர், இண்டைக்கு எத்தினை தும்மல்?” என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் எண்ணிக்கை கூட என்று நான் சொன்ன நாளில் தன் மகளுக்கு முகக்கவசம் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினதாகப் பிறகு சொன்னார். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

பங்குனி கடைசியில் அக்கா படுக்கையில் விழுந்தா. எழுபத்தெட்டு வயது. செவ்வாய் பின்னேரம் அவவின் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்து, “சித்தப்பா, அம்மா சின்னம்மாவைக் கேக்கிறா. ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றாள். நாளைக்கு வருகிறோம் என்றேன்.

புதன் காலை எழுபத்து நான்கு. அதுவரை முப்பத்தாறைத் தாண்டியதில்லை. வேம்பு முழுதாகப் பூத்துவிட்டது என்று முடிவெடுத்தேன். வியாழன் தொண்ணூற்றொன்று. மனைவி சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். நான் எண்களை எழுதிவந்த கொப்பியைக் காட்டினேன். வாசித்துவிட்டு, போய்ச் சேலையை மாற்றினாள். அன்று அக்காவின் மகள் கைபேசியில் தாயின் முகத்தைக் காட்டினாள். அக்கா கண் திறக்கவில்லை. அவவின் கையைப் பிடிக்க வேணும் என்று மனைவி சொன்னாள். எண்ணிக்கை இறங்கட்டும், இரண்டு நாள்தானே என்றேன்.

வெள்ளி எண்பத்தெட்டு. அன்று அவள் கேட்கவே இல்லை.

சனி காலை ஆறு பத்துக்கு அக்கா போய்விட்டா என்று செய்தி வந்தது. மனைவி அழுதபடி அறைக்குள் போனாள். ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், சனிக்கிழமை வேலையைச் செய்தேன். தகடுகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய்த் தகடுகள் வழமைபோல் கழுவுப்பட்டன. புதனிலிருந்து அன்று எடுத்த சனித் தகடு வரை தேய்த்தபோது துணி சிவந்தது. கைக்காயம் என்று நினைத்து விரல்களைப் பார்த்தேன். காயம் இல்லை.

கைப்பையோடு வந்த மனைவி துணியைப் பார்த்தாள்.

“மஞ்சளை ஏன் சவுக்காரத்திலை தோய்க்கிறியள்? சிவக்கும் எண்டு தெரியாதே?”

எந்த மஞ்சள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டிருந்தது. அது எங்களுக்கு அண்டாமலிருக்க மனைவி செவ்வாயிலிருந்து, விளக்கு வைக்கிற நேரம், வேப்பிலைக் கொத்தால் எங்கள் படலையடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வந்தாளாம். தூணிலும் தெளித்தாளாம். அந்நேரம் நான் உள்ளே வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பேன். துளிகள் இரவில் காய்ந்து, காலையில் வசிலினில் பொடியாக ஒட்டிக் கிடந்திருக்கின்றன.

சொல்லாமல் விட்டிருக்கலாம். தகட்டில் மஞ்சள் பொடியைத்தான் எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வாய் சொல்லிவிட்டது.

“இதைத்தான் நான் எண்ணினனான்.”

அவள் துணியையும் என்னையும் பார்த்தாள்.

“அப்ப மூண்டு நாளும் நான் போயிருக்கலாம்.”

“ஓம்” என்றேன்.

ஓட்டோவில் என்னிடமிருந்து தள்ளி, ஓரமாக இருந்தாள். முகக்கவசத்தை நீட்டினேன், வாங்கவில்லை. ஐம்பத்திரண்டு வேம்புகளில் பூத்தவை பதினொன்றுதான். மற்றவை மொட்டு.

செத்தவீட்டில் சாம்பிராணிப் புகை, கற்பூரம், முற்றம் நிறையச் சனம். மனைவி அக்காவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பந்தலில், அவள் தெரியும்படியாக ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, பம்பைக் கைக்குள் வைத்தபடி அவளுடைய மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. பிறகு பதினேழு. பெட்டி எடுக்கும் வரை முட்டு வரவில்லை. ஒரு சிறு இழுப்பாவது வந்துவிடாதா, மூன்று நாள் மறித்ததற்கு ஏதாவது ஒரு நியாயம் கிடைத்துவிடாதா என்று அங்கே இருந்து காத்துக்கொண்டிருந்தேன்.