வெற்றிலை போடாத வாயில் சிவப்பு

முதலில் கண்டது வாழைநாரில். ஜெயமங்கலத்தில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில், நார்க்கற்றையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் கொடியை அகத்தி மரத்தோடு கட்டுவோம். கொடிக்கு இரண்டு கையும் வேண்டும். ஒருநாள் வாயிலிருந்து உருவிய நாரில் இரத்தம் இருந்தது.

என் அண்ணன் வாய்ப்புற்றில் இறந்தவர். அவருக்கும் இரத்தத்தில்தான் தொடங்கியது. யாரிடமாவது கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, நான் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் மறைப்பது எளிது. வெற்றிலை போட்டவன் துப்பியதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? சாப்பாட்டுக்குப் பின் மட்டும் போட்டவன், எழுந்ததுமே போடத் தொடங்கினேன். சுண்ணாம்பு பட்டு ஈறு எரிந்தது, வீங்கியது. வீங்க வீங்க இன்னும் போட்டேன்.

“ஏலே, புது மாப்பிள்ளை கணக்கா எந்நேரமும் வாய் செவந்துதேன் கெடக்கு” என்று உடன் கொடி கட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள். உதட்டைப் பிரிக்காமல் சிரித்தேன்.

அமாவாசை விரதத்தன்று படையல் முடியும்வரை வெற்றிலை தொடுவதில்லை. அன்று காலை நான் வாய் கொப்பளித்ததை என் மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏங்க, இன்னும் வெத்தலையே போடலையே. பெறகு எங்கன இருந்து இந்தச் செகப்பு?”

“பல்லுக்குச்சி குத்திருச்சு.”

“ஒங்க அண்ணனும் இப்படித்தேன் மறைச்சாக. ஒங்க மதினி மாதிரி என்னையும் வெள்ளச்சேலை கட்ட வைக்கப் பாக்குறீகளா?”

மறுநாள் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கூட்டிப்போனாள். டாக்டர் கம்பியால் ஈற்றை அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். முந்தின நாள் தான் கண்டதை அவள்தான் சொன்னாள்.

டாக்டர் சொன்னார்: “புற்று இல்லை. பயோரியா (ஈற்றில் சீழ் வைக்கும் நோய்). பல்லடியில் காறை கல்லாக இறுகியிருக்கிறது. சுண்ணாம்பு வேறு வேகவைத்திருக்கிறது.”

நான் நம்பவில்லை. அண்ணனுக்கும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள்.

ஆடிய இரண்டு பற்களைப் பிடுங்கினார். காறையைச் சுரண்டினார். கருவேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் கொப்பளிக்கச் சொன்னார். “அந்தத் துவர்ப்பு வீக்கத்தை வற்ற வைக்கும். காறையைக் கரைக்காது. அதற்கு இங்கேதான் வரவேண்டும்.”

வீட்டில் பட்டையை இடித்தபடி மனைவி சொன்னாள்: “தோல் பதப்படுத்துற பட்டைல்ல இது! இனி ஒங்க வாயி கிழியவே கிழியாது.” வெகுநாளைக்குப் பின் அன்றுதான் அவள் சிரித்தாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஈறு பல்லைப் பிடித்துக்கொண்டது. உங்களுக்கும் இப்படி இருந்தால் வெற்றிலையால் மூடாதீர்கள். பட்டைத் தண்ணீரை மட்டும் நம்பியும் இருந்துவிடாதீர்கள்.

இப்போது நாரை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். வெற்றிலையைப் பறிப்பதோடு சரி. விடிந்ததும் வாய்க்கால் ஓரத்துக் கருங்கல்லில் துப்பிவிட்டு, குனிந்து பார்க்கிறேன். வெளுப்பாக இருந்தால் அன்றைய பொழுது எனக்கு உண்டு. நாளையைப் பற்றி அந்தக் கல் எதுவும் சொல்வதில்லை.